ரோடு எங்கே போய் முட்டுகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்து, "மேலூர்ப் பக்கம் ஒரு பிளாட் பார்க்கப் போறேன் மாமா, நீங்களும் கூட வாங்க, இந்த லைன்லயே இருந்தவருல்ல" என்றான். இருந்தவன்தான். மதுரையில் ஒரு தனியார் சர்வேயர் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் லேஅவுட் படம் வரைந்தேன். முதலில் டிரேசிங் பேப்பரும் ரோட்ரிங் பேனாவும், அப்புறம் ஆட்டோகேட். எத்தனை ஏக்கர் புஞ்சையையும் நஞ்சையையும் கட்டம் கட்டமாக அறுத்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் தூக்கம் வந்திருக்குமா தெரியாது.

சைட் வழக்கமான சைட். ஆர்ச், ரெண்டு பக்கமும் கலர் கொடி, தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல், சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, வருகிறவர்களுக்கு இளநீர். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தம்பி பைலோடு ஓடிவந்து, "முப்பதடி ரோடு சார், பக்கா டிடிசிபி, ஃபோர்வே இங்கருந்து ரெண்டே நிமிஷம்" என்று ஆரம்பித்தார். டிடிசிபி என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி. எங்கள் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "தெருக்குத்து இல்லாத பிளாட் எது?" ரெண்டாவது கேள்வி, கிழக்குப் பார்த்ததா. மூன்றாவது, எந்த பேங்க்கில் லோன் கிடைக்கும்.

அவர்களைப் பேசவிட்டு நான் ரோட்டின் கடைசி வரை நடந்தேன். ஒரு லேஅவுட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்ச்சில் நின்று பார்த்துப் புண்ணியமில்லை, கடைசிக்குப் போக வேண்டும். முப்பதடி ரோடு செம்மண் கொட்டி ரோலர் ஓட்டி ஜோராகத்தான் போனது. போய் ஒரு முள்கம்பி வேலியில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு புரோமோட்டரின் சைட், அவர் கல்லுக்குப் பச்சைப் பெயின்ட். அங்கேயும் ஒரு முப்பதடி ரோடு. ஆனால் அந்த ரோடு இந்த ரோட்டுக்கு நேராக வரவில்லை, நாற்பதடி தள்ளி, இந்தப் பக்கத்து பிளாட் ஒன்றின் நடுவயிற்றில் வந்து முட்டி நின்றது. நாளைக்கு ரெண்டு பக்கமும் வீடு எழும்பிவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டுமானாலும் மெயின் ரோட்டுக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். தண்ணீர் லாரிக்கும் அதே சுற்று, ஆம்புலன்ஸுக்கும் அதே சுற்று, என்றைக்காவது அடியில் பதிக்கப்போகிற குழாய்க்கும் அதே சுற்று.

கோபம் வந்தது என்று எழுதினால் பொய். கூச்சமாக இருந்தது. இந்த மாதிரி ரோடு நானே நிறையப் போட்டிருக்கிறேன்.

லேஅவுட் படம் எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். புரோமோட்டர் நிலத்தைப் பேசி முடித்ததும் பட்டாவும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடமும் எங்கள் கைக்கு வரும். நாங்கள் போய் அளப்போம். ஆபீஸுக்குத் திரும்பி வெளிக்கோட்டை வரைந்து முடிப்பதற்குள் போன் வந்துவிடும். கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை பிளாட் விழும்?" ஏதோ மரத்தை உலுக்கினால் உதிர்கிற மாதிரி. உலுக்குகிறவன் நான். ரோட்டின் அகலத்தில் கை வைத்தால் பிளாட் விழும். உள்ளே ரோடு எல்லாம் சேர்த்து 1,000 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அடி அகலத்துக்குப் பதில் 23 அடி என்று போட்டால் 7,000 சதுர அடி மிச்சம், அதாவது 16 சென்ட். 1,200 சதுர அடியாக அறுத்தால் கிட்டத்தட்ட ஆறு பிளாட். ஆறு பிளாட்டை விட்டுக்கொடுங்கள் என்று சம்பளம் வாங்குகிற நான் அவரிடம் சொல்ல முடியுமா? அந்த ஏழடியில்தான் பிற்பாடு வாறுகால் போக வேண்டும், கரண்ட் கம்பம் நிற்க வேண்டும், டிரான்ஸ்பார்மர் உட்கார வேண்டும். பெரிய லேஅவுட் என்றால் பத்து சதவீதம் பொது இடமாக விட்டு, ரோட்டோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் எங்களிடம் ஒரு கைப்பழக்கம் உண்டு, கட்டம் கட்டி முடித்தபின் மூலையில் முக்கோணமாக எது மிஞ்சுகிறதோ, எது பள்ளமாக, வாய்க்காலை ஒட்டிக் கிடக்கிறதோ அதற்குப் பூங்கா என்று பெயர்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு இப்போது உறுத்துவது, அந்தப் படத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த வெள்ளைத் தாள். அதில் பக்கத்து நிலத்தின் சர்வே எண்ணைச் சின்ன எழுத்தில் எழுதுவோம். அதோடு சரி. அங்கே மேடா பள்ளமா, கண்மாய்க்குப் போகிற வரத்து வாய்க்கால் எந்த வழியாக வருகிறது, அவரும் நாளைக்கு லேஅவுட் போட்டால் இந்த ரோடு அதில் போய்ச் சேருமா, எதுவும் எங்கள் வேலையில்லை. அப்ரூவலுக்குப் போகிற இடத்தில் சில அதிகாரிகள் 'பக்கத்து ரோட்டோடு இணைத்துக் காட்டு' என்று சிவப்பு மையில் திருப்பி அனுப்பியதுண்டு, அதை மறைக்கக்கூடாது. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ரோடு இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். வயலாக இருந்தால் எதோடு இணைப்பது? ஊர் வளர்கிறது என்றால் இந்த மாதிரி நூறு படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டுவதுதான், ஒவ்வொன்றும் தன் எல்லையோடு நின்றுவிட்ட படம். வெள்ளைத் தாளில் முதலில் கோடு போடுகிறவர் ஒருவர் வேண்டும். மனை விற்பதற்கு முன்னால், வீடு வருவதற்கு முன்னால். குழாய் பிறகு பதிக்கலாம், தார் பிறகு போடலாம், லைட் எரிவது பத்து வருடம் தள்ளிப் போனாலும் போகட்டும். ரோட்டின் கோடும் தண்ணீரின் கோடும் மட்டும் பிறகு என்று சொன்னால் பிறகு கிடையாது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மாசி வீதி இன்றைக்கும் அந்த அகலத்தில் இருப்பதற்குக் காரணம் எந்த நகரமைப்பு அதிகாரியும் இல்லை, தேர். சித்திரைத் திருவிழாவுக்கு மீனாட்சியும் சொக்கரும் தேரில் நாலு மாசி வீதியும் சுற்றி வந்தாக வேண்டும். (மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டதாகச் சொல்வார்கள். வீதியின் பெயர் மாசியிலேயே தங்கிவிட்டது.) திண்ணையை ரெண்டடி முன்னால் இழுத்தால் தேர் இடிக்கும், தேர் நின்றால் ஊரே வந்து வாசலில் நிற்கும். ஆக்கிரமிப்பு அகற்ற நோட்டீஸே தேவைப்படாத ஏற்பாடு. ஒவ்வொரு புது லேஅவுட்டையும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தேர் சுற்றி வர வேண்டும் என்று சட்டம் போட்டால் போதும் என்று ஆபீஸில் நாங்கள் கேலி பேசுவோம்.

அடுத்த வட்டம் வெளி வீதிகள். அது வேறு கதை. 1840-கள் வரை ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விட்டார். கையில் பணமில்லை, அதனால் சுவரை இடித்துப் பள்ளத்தை மூடுகிறவர்களுக்கே அந்த இடத்தில் மனை என்று ஏற்பாடு செய்தார். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டும் மேஸ்திரி பெருமாளும் இன்றைக்கும் வீதிகளாக இருக்கிறார்கள், தெற்கு மாரட் வீதி, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்குக் கிடைத்தது விளக்குத்தூண். ஒரு சர்வேயர் பெயரில் தெரு இருக்கிற ஊர் என்பதில் எனக்கு எப்போதுமே ஒரு சின்னப் பெருமை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. கோட்டையும் அகழியும் மொத்தமாக ஒரு கையில், சர்க்கார் கையில் இருந்தன. அதனால்தான் முதலில் வீதிக்குக் கோடு போட்டு, மிச்சத்தை மனையாகக் கொடுக்க முடிந்தது. நாங்கள் செய்தது அப்படியே தலைகீழ், முதலில் மனை, மிச்சம் இருந்தால் வீதி.

அதற்கப்புறம் ஆற்றுக்கு வடக்கே, தெற்கே, மேற்கே என்று ஊர் போன போக்கில் போனது. 1971-ல் மாநகராட்சி ஆனோம். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளையும் திருநகர், விளாங்குடி, ஹார்விபட்டி பேரூராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். 52 சதுர கிலோமீட்டர் 148 ஆனது, 72 வார்டு 100 ஆனது. ஒரே நாளில் ஊர் மூன்று மடங்கு. சேர்ந்த பகுதிகளில் மனைப்பிரிவுகள் முப்பது வருடமாக விழுந்துகொண்டே இருந்தவை, பல 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஒரு முத்திரையோடு விற்றவை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று தடை போட்டதும் எங்கள் ஆபீஸில் ஈ ஓட்டினோம். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட லேஅவுட்டுக்குக் கட்டணம் கட்டினால் சரி செய்துகொள்ளலாம். மறுபடி கூட்டம். பழைய லேஅவுட்களை 'உள்ளது உள்ளபடி' வரைந்து கொடுத்ததே ரெண்டு வருட வேலை. காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பதினெட்டடி ரோடு பதினெட்டடியாகவே இருந்தது, முட்டுச்சந்து முட்டுச்சந்தாகவே.

எங்கள் வீடும் அப்படிச் சேர்ந்த வடக்குப் பகுதி ஒன்றில்தான். மில்லில் வேலை பார்த்த அப்பா 1986-ல் கட்டினார். வாசலுக்கு ஐந்து படி. அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தபோது ஏற முடியவில்லை என்று அம்மா சத்தம் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா, "இருக்கட்டும், இது கண்மாய்க்குக் கீழ்ப்பக்கம்" என்றார். அப்போது மண் ரோடு. முதல் தார் வந்தபோது ஒரு படியில் பாதி போனது. அடுத்த தார், அதன் மேல் இன்னொரு தார், அதன் மேல் சிமெண்ட் ரோடு, அதைத் தோண்டிக் குழாய் பதித்து மூடி அதன் மேல் பேவர் பிளாக். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார், நல்ல உத்தரவு, பெரிய ரோடுகளில் சுரண்டவும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குச் சுரண்டுகிற மெஷின் திரும்ப இடம் இல்லையாம். இப்போது எங்கள் வீட்டுக்குப் படி ஒன்றே ஒன்று, அதிலும் பாதிதான் வெளியே தெரியும். எதிர் வீட்டில் படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

2024 அக்டோபர் 25 மதியம் கொட்டிய மழையில் அந்த அரைப்படியும் போனது. செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் வழிந்து வீடுகளுக்குள் போனதை எல்லோரும் பார்த்தோம், எங்கள் தெரு டிவியில் வருகிற அளவுக்கு இல்லை, கட்டில் காலில் பாதி. அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஒங்கப்பா அஞ்சு படி வச்சாரு" என்று அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுரையில் எந்த இடம் பள்ளம் என்று கண்டுபிடிக்க லெவல் மெஷினே தேவையில்லை, பஸ்ஸின் போர்டைப் படித்தால் போதும். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், ஆலங்குளம், கோசாகுளம், ஊமச்சிகுளம். உலகனேரி, சிலையனேரி. மேலமடை என்றால் மடை இருந்த இடம். நரிமேடு, கரிமேடு என்றால் மேடு. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு, அது நிறைந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் வைகைக்கு. ரோட்டுக்குக் கோடு போடுவதற்குப் பல நூறு வருடத்துக்கு முன்னாலேயே தண்ணீருக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடு எஃப்.எம்.பி.யிலும் இருக்கும், ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் என்று. நான் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனால் வாய்க்காலை ரோட்டின் ஓரமாக இழுத்து, அகலத்தைச் சுருக்கி, மேலே சிலாப் போட்டால் பிளாட் இன்னும் ரெண்டு விழும் என்றபோது அதையும் வரைந்தேன். தெற்கே கிருதுமால் நதி சாக்கடையாகிப்போனது ஊருக்கே தெரியும், நதி என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்.

பாதாள சாக்கடை வந்த கதைதான் எனக்கு இதையெல்லாம் புரியவைத்தது. குடிதண்ணீர்க் குழாய் மேட்டிலும் ஏறும், பின்னால் இருந்து தள்ளுகிற அழுத்தம் இருக்கிறது. சாக்கடை அப்படியில்லை, அது பள்ளத்தைப் பார்த்து மட்டும்தான் போகும். உள்ளே நொடிக்கு ரெண்டடியாவது ஓடவில்லை என்றால் மண் படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்காக ஆறங்குலக் குழாய் சுமார் நூற்றைம்பது அடிக்கு ஒரு அடி இறங்க வேண்டும். தரை சமமாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் இருபதடி ஆழத்துக்குப் போய்விடும். பதினெட்டடித் தெருவில் இருபதடி பள்ளம் தோண்டினால் ரெண்டு பக்கத்து வீடும் பள்ளத்துக்குள் எட்டிப்பார்க்கும். அதனால் பாதி வழியிலேயே கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, மேலே ஏற்றி மறுபடி ஓடவிட வேண்டும். அந்தக் கழிவுநீர் நிலையத்துக்கு ஒரு பத்து சென்ட் வேண்டும். எந்த லேஅவுட்டில் யார் விட்டிருக்கிறோம்? கடைசியில் நான் முக்கோணமாக ஒதுக்கின பூங்காதான் அகப்படும். "பார்க்குன்னு சொல்லித்தானே வித்தீங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவர் சொல்வதும் நியாயம்.

வடகரைக் கழிவு கிழக்கே சக்கிமங்கலம் போக வேண்டும், தென்கரைக் கழிவு அவனியாபுரம் வெள்ளக்கல்லுக்கு. எங்கள் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு நேராக ஓடினால் சரிவு அழகாக இருக்கிறது, நானே டம்பி லெவல் என்கிற மட்டம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். ரெண்டு லேஅவுட், ரெண்டு புரோமோட்டர், ரோடும் ரோடும் சந்திக்கவில்லை, பன்னிரண்டடி விலகல். அதனால் குழாய் மேட்டைப் பார்த்துத் திரும்பி, மெயின் ரோட்டைச் சுற்றி, நடுவில் ஒரு பம்ப்பும் வைத்துத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. சுவரின் நீளம் முப்பதடி. அந்த ரெண்டு லேஅவுட்டில் ஒன்றின் படம் எங்கள் ஆபீஸில் வரைந்தது. நான் சேருவதற்கு முன்பே வரைந்தது, ஆனாலும் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் வரைந்திருப்பேன்.

அப்புறம் அளவு. சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு, அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும். நூறு மனை லேஅவுட், வீட்டுக்கு நாலரைப் பேர் என்றால் 450 பேர், சாக்கடைக்கு நாளைக்கு 48,000 லிட்டர் சொச்சம். இது தரைத்தளம் மட்டும் இருந்த காலத்துக் கணக்கு. இப்போது எங்கள் தெருவில் ஒவ்வொரு மனையிலும் மேலே ரெண்டு மாடி வாடகைக்கு. அதே ரோடு, அதே குழாய், 1,45,000 லிட்டர் சொச்சம். அதனால்தான் சாக்கடைக் குழாயை முப்பது வருடம் கழித்து இருக்கப்போகிற ஆட்களுக்குத்தான் கணக்கிட வேண்டும் என்று கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு ஒருவழியாக முல்லைப் பெரியாறு திட்டம் வந்திருக்கிறது, லோயர் கேம்பில் எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். நூற்றைம்பது கிலோமீட்டர் குழாயை மலையடிவாரத்திலிருந்து கொண்டுவந்த பொறியாளர்களுக்குக் கடைசி முந்நூறு மீட்டர்தான் கழுத்தைப் பிடித்தது. எங்கள் தெருவை மூன்று தரம் தோண்டினார்கள். ஒரு துறை பதித்து மூடியதை அடுத்த துறை உடைத்தது, உடைந்ததற்கு யார் பொறுப்பு என்று ரெண்டு மேஸ்திரிகளும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அம்மா ரெண்டு பேருக்கும் மோர் கொடுத்தார்.

சரி, வெள்ளைத் தாளில் கோடு போட யாருமே இல்லையா என்றால், சட்டத்தில் இருக்கிறது. 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மாஸ்டர் பிளான் என்கிற முழுமைத் திட்டம் உண்டு, அதற்குள் தெருத்தெருவாகப் போகிற விரிவான திட்டமும் உண்டு. அதே சட்டத்தில் 38-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஆபீஸில் எனக்கு எண்ணோடு மனப்பாடம். உங்கள் நிலத்தின் மேல் ரோடு என்று கோடு போட்டு அரசிதழில் அறிவித்தபின் மூன்று வருடத்துக்குள் அதைக் கையகப்படுத்தவோ பேசி வாங்கவோ செய்யாவிட்டால் அந்த நிலம் தானாக விடுபட்டதாக ஆகும். நில உரிமையாளர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான பிரிவு, ஒருவன் மனையை முப்பது வருடம் முடக்கி வைப்பதா? ஆனால் மூன்று வருடத்தில் எந்த ஊராட்சி, எந்த நகராட்சி ரோட்டுக்கென்று காசு போட்டு வயலை வாங்கும்? ஆக, கோடு பிறக்கும், மூன்று வருடம் படத்தில் இருக்கும், செத்துப்போகும். நான்காம் வருடம் புரோமோட்டர் எங்களிடம் வருவார்.

காசு கொடுக்காமலே கோட்டைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. குஜராத்தில் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்கிறார்கள், 1915-லேயே பம்பாய் மாகாணத்தில் வந்த சட்டம், இப்போது 1976 சட்டத்தின் கீழ் நடக்கிறது. ஊர் போகப்போகிற திசையில் நூறு ஹெக்டேர் வயலை எடுத்து, எல்லாருடைய வரப்பையும் படத்தில் அழித்துவிடுகிறார்கள். முதலில் ரோடு, தண்ணீர் போகிற வழி, பள்ளிக்கூடம், பூங்கா. மிச்சத்தை அவரவர் பங்குக்கு ஏற்றபடி நேரான மனையாக, ரோட்டைப் பார்த்த மனையாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு நாற்பது சதவீதம் வரை போகும், ஆனால் கோணல்மாணலாக நடுக்காட்டில் கிடந்த நிலம் ரோட்டுமேல் மனையாக வரும்போது விலை என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியும். அகமதாபாத்தின் 76 கிலோமீட்டர் ரிங் ரோட்டுக்கு நிலத்தில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான். நம் மாநகராட்சியும் ரிங் ரோடு போட்டது, கடன் வாங்கி, உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை 27 கிலோமீட்டர், சுங்கம் வசூலித்துக் கடனை அடைத்தது. அந்தக் காலத்துக்குத் தைரியமான காரியம், பிறகு நான்கு வழியாகவும் ஆக்கிவிட்டார்கள். ஆனால் நாம் ரோட்டை மட்டும் போட்டோம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்த வெள்ளைத் தாளை அப்படியே விட்டோம், அது எங்கள் ஆபீஸுக்கு வந்தது. பத்து வருடம் அதில்தான் எனக்குச் சம்பளம்.

இனிமேல் மதுரைக்குள் செய்ய ரொம்ப இல்லை. மேம்பாலம் கட்டலாம், கட்டுகிறார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மாதிரி ஊர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில், கட்டடம் எழும்புவதற்கு முன்பே அந்தப் பக்கம் பூராவும் மஞ்சள் கல் முளைத்துவிட்டது. மேலூர்ப் பக்கமும் அப்படித்தான் ஆகும் என்று புரோமோட்டர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிய வேண்டியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு வேலி ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "தண்ணி இந்த வழியாத்தான் தம்பி வரும்" என்று செம்மண் ரோட்டுக்கு அடியைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். பெரியாற்றுப் பாசன வாய்க்காலின் ஒரு கிளை. ரெண்டு ஆள் சேர்ந்து தாண்டுகிற அகலத்தில் இருந்ததாம். இப்போது ரோட்டுக்கடியில் ஒன்றரை அடி சிமெண்ட் உருளை ஒன்று, அதன் வாயில் பாதிக்குச் செம்மண். எஃப்.எம்.பி.யில் இருக்கும். யாரோ என்னை மாதிரி ஒருவன் பார்த்துத்தான் வரைந்திருப்பான்.

திரும்பி வந்து அந்த வெள்ளைச் சட்டைத் தம்பியிடம், "இந்த ரோட்ட நாற்பதடி தள்ளிப் போட்டிருந்தா அந்தப் பக்கத்து ரோட்டோட சேந்திருக்குமே" என்றேன். அவர் பைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார், "சேந்தா அவுக சைட் ஆளுக இந்த வழியா வருவாகளே சார், இது கேட்டட் கம்யூனிட்டி மாதிரி."

வரும் வழியில் ஒத்தக்கடையில் டீ குடித்தோம். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாய்க்காலை, முள்வேலியை, எங்கள் வீட்டுப் படியை. பொறுமையாகக் கேட்டான். "நீங்க சொல்றது எல்லாம் சரிதான் மாமா, ஆனா மதுரைக்குள்ள என் சம்பளத்துக்கு எங்க வாங்குறது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதன்கிழமை போன் வந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம், கிழக்குப் பார்த்த பிளாட், தெருக்குத்து இல்லை. எந்த நம்பர் என்று கேட்டேன். சொன்னான். வாய்க்காலில் இருந்து மூன்றாவது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேஸ்மட்டம் எத்தனை அடி போடச் சொல்லியிருக்கிறாய் என்றேன்.

"மேஸ்திரி மூணடி போதும்ங்கிறாரு மாமா."

"அஞ்சு போடு" என்றேன். "அம்மா ஏற மாட்டாங்களே மாமா" என்றான்.